ஈறும் மருந்தும்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி பயப்பன என்று நம் முன்னோர் மொழிந்து வைத்தனர். பல்லுக்கு முத்தையும் முல்லையரும்பையும் உவமை கூறிய புலவரோ எண்ணிலர். ஆயின், அப்பல்லைத் தன்பாற் பொதிந்து தாங்கும் ஈறுகளை நினைந்தோர் மிகச் சிலரே. மாளிகையைப் புகழ்ந்து கடைகாலை மறப்பது உலகியல்பு போலும். மக்கள் பல்லிழப்பதற்குச் சொத்தை ஒன்றே காரணமன்று. ஈறுகளும் அவற்றின் கீழுள்ள எலும்பும் அழிந்துபோதலும் அதனோடொத்த பெருங்காரணமாம்.

நாம் ஈண்டுச் சொல்லப் புகுவது ஒரு சிறு விஷயமே. ஈறுகள் இரு வழியாற் கெடுகின்றன. ஒன்று, நோயினாற் கரைந்து தேய்தல். மற்றொன்று, வேறு ஏதோ ஒரு நோய்க்கு உண்ணும் மருந்தினால் அளவிறந்து வளர்தல். இவ்விரண்டின் ரசாயன உண்மையும் இந்நாளில் பெரும்பாலும் தெளிந்து கிடக்கின்றது. தெளிந்திருந்தும் என்? மருந்து கொடுப்பவர் பெரும்பாலும் வாயைப் பார்ப்பதில்லை. வாயைப் பார்ப்பவர் பலகாலும் மருந்தைக் கேட்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பள்ளத்தில் வீழ்ந்து வருந்துவோர் ஏழை மக்கள். அப்பள்ளத்தைத் தூர்த்தல் கடலூரிலும் சிதம்பரத்திலும் பெரும்பொருட் செலவின்றியே கூடும் என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களை முறையே கூறுவோம்.

முதற்கண் ஈறு என்பது யாது எனக் காண்போம். அது வெறுந்தசை அன்று. அதன் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நாரினால் நெய்யப்பட்டுள்ளது. அந்நாரை நெய்யும் உயிரணுக்களை நாரணுக்கள் என வழங்குவோம். இவை ஒருபுறம் புதுநாரை நெய்கின்றன. மறுபுறம் பழநாரைச் சிதைத்து விழுங்குகின்றன. சிதைத்தற்குரிய கருவி கொலாஜனேஸ் என்னும் என்ஸைமாகும். உடம்பின் மற்றைப் பல இடங்களினும் வாயினுள் இவ்வாக்கமும் அழிவும் மிக விரைவாக நிகழ்கின்றன. நம் சிற்றூர்களில் கூரைவீட்டார் பழங்கீற்றைக் களைந்து புதுக்கீற்று வேய்தலை மாணவர் பலரும் கண்டிருப்பர். களைதலும் வேய்தலும் ஒத்து நடப்பின் வீடு நன்னிலையில் இருக்கும். வேயாது களைந்துகொண்டே போனால் கூரை ஒழியும். களையாது மேன்மேலும் வேய்ந்துகொண்டே போனாலோ, பாரம் மிகுந்து இறப்பு தாழ்ந்து வாயிலையே மறைத்துவிடும். ஈறுகளுக்கு வரும் கேடு இரண்டும் இவ்விரண்டே என்று கொள்க.

வேய்தல் நின்றுபோவதற்குச் சரித்திரப் புகழ்பெற்ற உதாரணம் ஸ்கர்வி என்னும் நோய். கொலாஜன் நார் உறுதி பெறவேண்டுமாயின், அதிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தில் ஹைட்ராக்ஸில் என்னும் கூறு வந்து இணைதல் வேண்டும். அவ்விணைப்பை நிகழ்த்தும் என்ஸைம் தளராது தொழில் புரிய வைட்டமின் சி இன்றியமையாதது. அஃதில்லையேல் நார் முறுக்கேறாது தளர்ந்துபோம், ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் ஆடும், பழம்புண்ணும் மீண்டும் வாய்விடும். மாதக்கணக்கில் காயும் கனியும் காணாது கடலிற் கிடந்த மாலுமிகளை இந்நோய் கூட்டங்கூட்டமாக மாய்த்தது.

இதற்கும் நம் கடலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் நாள் கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. பிரெஞ்சுத் தலைவர் ஸுப்ரானிடம் போர்க்கப்பல்கள் 15. ஆங்கிலத் தலைவர் ஹியூஸிடம் 18. கப்பல் மிகுந்திருந்தும் ஆங்கிலேயருக்கு வெற்றி கிட்டவில்லை. அவர்தம் மாலுமிகள் ஸ்கர்வி நோயாலும் நன்னீர்க் குறைவாலும் தளர்ந்திருந்தனர். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போகவேண்டியதாயிற்று. இதில் நாம் உற்றுநோக்கற்பாலது யாதெனில், அந்நோய்க்கு மருந்து அப்பொழுதே அறியப்பட்டிருந்தது என்பதே. ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் வைத்தியர் 1747-இல் மாலுமிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்து, நாரத்தை இனக் கனிகளை உண்ட இருவரே விரைந்து தேறினர் எனக் கண்டார். 1753-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் ஆங்கிலக் கடற்படையார் எலுமிச்சஞ்சாறு வழங்குதலை முறையாக மேற்கொண்டது 1795-இல்தான். கண்டதற்கும் கைக்கொண்டதற்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்தன. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மாலையில் உலாவும் மாணவர்கள் இவ்வெண்ணைச் சிறிது சிந்திப்பாராக.

இனி, களைதல் மிகுதலால் வரும் கேட்டைக் காண்போம். பல்லும் ஈறும் கூடும் இடத்தில் நுண்ணுயிர்கள் படலமாகப் படிகின்றன. நாள்தோறும் துலக்கி நீக்காவிடின் அப்படலம் தடித்துக் காரையாகின்றது. அவற்றை எதிர்க்க உடம்பு வெள்ளணுக்களை அனுப்புகின்றது. அவ்வணுக்கள் இருவகைப் படைக்கலம் ஏந்தி வருகின்றன. ஒன்று கொலாஜனேஸ் முதலிய என்ஸைம்கள். மற்றொன்று மிகுவினை புரியும் ஆக்ஸிஜன் வகைகள். பகைவர்மேல் எய்த அம்பு தம் ஊரார்மேலும் பாய்வதுபோல, இவை நுண்ணுயிர்களோடு ஈற்று நாரையும் அழிக்கின்றன. உயிரணுக்களின் மெல்லிய கொழுப்புச் சவ்வையும் ஆக்ஸிகரணத்தால் கெடுக்கின்றன. நாளடைவில் எலும்பும் கரைகின்றது. பெரும்பாலும் நோவில்லாமலே இது நிகழ்வதால், பல் ஆடத் தொடங்கிய பின்னரே மக்கள் விழித்துக்கொள்கின்றனர்.

இவ்விஷயத்தில் நம் சிதம்பரம் பின்தங்கியிருக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஜீவ ரசாயனப் பகுதியினர், ஈற்று நோயுற்றோரின் குருதியையும் ஈற்றுத் திசுவையும் நலமுடையோரின் குருதி, திசுக்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயுற்றோரிடம் கொழுப்பு ஆக்ஸிகரணத்தின் விளைபொருள்கள் மிகுந்திருந்தன. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குளூட்டதயோன் ஆகிய காப்புப் பொருள்கள் குறைந்திருந்தன. ஆக்ஸிஜன் தாக்குதலைத் தணிக்கும் என்ஸைம்களோ மிகுந்திருந்தன. முற்றுகையிடப்பட்ட கோட்டையில் களஞ்சியம் குறைய, வீரர்கள் முன்னிலும் கடுமையாக உழைப்பதை இது ஒக்கும். இதனால் நாம் அறிவது ஒன்றுண்டு. வாய்நோய் வாயளவில் நிற்பதன்று. அதன் சுவடு குருதியிலும் காணப்படுகின்றது. நீரிழிவு உடையார்க்கு ஈற்று நோய் எளிதிற் பற்றும். ஈற்று நோய் முற்றினால் குருதிச் சர்க்கரையை அடக்குதலும் அரிதாகும். ஈற்று நோயைத் தீர்த்தால் சர்க்கரையும் சிறிது தணியும். இவை ஐயமற நிறுவப்பட்ட உண்மைகள்.

நிற்க. வேய்தல் மிகுந்தும் களைதல் குறைந்தும் வரும் கேடே நம் கட்டுரைக்கு உயிர்நிலையாவது. காக்கைவலிப்புக்கு இன்றும் உலகெங்கும் வழங்கும் மருந்துகளுள் ஒன்று பெனிடாயின். இஃது 1908-இல் ஜெர்மனியில் ஆக்கப்பெற்றது. எனினும் வலிப்பை அடக்கும் என்பது 1938-இல்தான் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்னும் இருவரால் வெளியாயிற்று. அதற்கு முன் வழங்கிய மருந்துகள் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவன. அத்துணை மயக்கமின்றி வலிப்பை நிறுத்திய இதனை உலகம் பெருவரமாக ஏற்றது. மறு ஆண்டே, அஃதாவது 1939-இல், இம்மருந்தை உண்போரின் ஈறுகள் தடித்து வளர்கின்றன என்று கிம்பால் என்பவர் எழுதினார். பின்னர், மாற்றுறுப்பு பொருத்தப்பெற்றோர்க்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தும், குருதியழுத்தத்திற்குக் கொடுக்கும் நிபெடிபின் என்னும் மருந்தும் அவ்வாறே செய்கின்றன என்பது 1983, 1984-ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது.

மூன்றும் மூவேறு நோய்க்கு உரியன. ஆயின் விளைவு ஒன்று. இதன் காரணம் யாது? மூன்றும் ஒவ்வொரு வகையில் உயிரணுவினுள் சுண்ணாம்புச் சத்தாகிய கால்ஸியம் முதலியவற்றின் போக்குவரவையோ, அதனைச் சார்ந்த வினைகளையோ தடுப்பன. நாரணுவினுள் அத்தடை நேரின் போலிக் அமிலம் உட்புகுதலும் குறைகின்றது. அதனால் வினைபுரியத்தக்க கொலாஜனேஸ் போதிய அளவு உண்டாவதில்லை. அதனைத் தடுக்கும் புரதமோ மிகுகின்றது. நாரணு பழநாரை விழுங்கும் ஆற்றலும் மழுங்குகின்றது. மேலும், வளர்ச்சியைத் தூண்டும் சில புரதங்கள் மிகுந்து புதுநாரை நெய்யச் செய்கின்றன. களைவோர் கைசோர்ந்திருக்க வேய்வோர் மட்டும் வேலை செய்யும் வீட்டின் நிலை இதுவே.

மருந்து தொடங்கிய சில மாதங்களுக்குள் முன்பற்களின் இடையிடையே ஈறு சிறு மணிபோற் பருக்கின்றது. பின் அம்மணிகள் கூடிப் பல்லை மூடுகின்றன. பல்லில்லாத இடத்தில் இவ்வளர்ச்சி அரிது. இளையோரிடம் மிகுதி. எல்லோர்க்கும் வருவதன்று. பெனிடாயின் உண்போரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், சைக்ளோஸ்போரின் உண்போரில் நாலில் ஒருவர்க்கும் வரலாம் என்பர். வாய் துப்புரவாயிருப்பின் வளர்ச்சி குறைகின்றது. நுண்ணுயிர்ப் படலம் மிகுந்திருப்பின் ஓங்குகின்றது. ஆகவே மருந்து விதையாயின், அழுக்கு அதற்கு நீர் என்க. இவ்வொரு செய்தியே நமக்கு நம்பிக்கை ஊட்டுவது. மருந்தை நிறுத்த இயலாதவர்க்கும் அழுக்கை நீக்குதல் இயலுமன்றோ?

இதனைச் சிறு விஷயம் என்று இகழ்வோர் ஒரு பெண்ணின் நிலையைக் கருதுக. வலிப்பு நோய் தன்னிலேயே நம் நாட்டில் ஒரு மறைபொருள். திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது; 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் அது நீக்கப்பெற்றது. சட்டம் மாறினும் ஊரார் நா மாறவில்லை. அந்நிலையில், மறைத்து உண்ணும் மருந்தே அவள் முகத்தில் வந்து வெளிப்பட்டு நின்றால் அவள் என் செய்வாள்? சிரிக்கும்போது கையால் வாயை மூடுவாள்; பிறர் முன் உண்ணக் கூசுவாள்; கடைசியில், ஒருவரையும் கேளாது மாத்திரையை நிறுத்திவிடுவாள். பெனிடாயினைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்து உயிர்க்கே இறுதியாதலும் உண்டு. அடுப்படியிலும் கிணற்றங்கரையிலும் குளத்திலும் வலிப்பு வந்து மாண்டவரைப் பற்றிக் கேளாத ஊர் நம் பக்கத்தில் உண்டா? ஈறு சிறிது, அதனால் விளையும் கேடு சிறிதன்று. இதைப் படிப்போர் எவராயினும், மருத்துவரைக் கேளாது எம்மாத்திரையையும் நிறுத்தலாகாது என்று உடன் வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தீர்வு இல்லாத நோயாயின் நாம் இத்துணை எழுத வேண்டுவதில்லை. பல்வைத்தியர் காரையைச் சுரண்டி நீக்கி, துலக்கும் முறையைக் கற்பித்தாலே பலர்க்குக் குறையும். மருத்துவர் தக்கதென எண்ணின் வேறு மருந்துக்கு மாற்றலாம். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் முதலியனவும், மாற்றுறுப்புப் பெற்றோர்க்கு டாக்ரோலிமஸும் இன்று உள்ளன. மிகுந்த ஈற்றை அறுத்தும் நீக்கலாம். ஆயின் மருந்தும் அழுக்கும் தொடரின் அது மீண்டும் வளரும். இன்னும் எளிய வழி ஒன்றும் உண்டு. புதிதாகப் பெனிடாயின் தொடங்கிய சிறுவர் சிறுமியர்க்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் போலிக் அமிலம் சேர்த்துக் கொடுத்தும், அது கொடாமலும் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் ஆறு மாதம் ஒப்பிட்டனர். முடிவு 2011-இல் வெளியாயிற்று. கொடாதவருள் நூற்றுக்கு 88 பேர்க்கு ஈறு வளர்ந்தது. கொடுத்தவருள் நூற்றுக்கு 21 பேர்க்கே வளர்ந்தது. மேலே நாம் கூறிய போலிக் அமிலக் குறைவின் செய்தி வெறும் ஏட்டுக் கல்வி அன்று என்பதற்கு இது சான்று. மிக மலிந்த ஒரு மாத்திரை ஒரு குழந்தையின் சிரிப்பைக் காக்குமாயின், அதனைப் பற்றி மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டல் பெற்றோர்க்குத் தகும்.

இனி நம் ஊர்ச் செய்தி. அண்ணாமலைநகரில் 1980-இல் பல்மருத்துவக் கல்லூரியும் 1985-இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. இவை 2021-இல் அரசின் சுகாதாரத் துறையின்கீழ் வந்தன. நரம்பு வைத்தியமும் பல்வைத்தியமும் ஜீவ ரசாயன ஆராய்ச்சியும் நடந்து சேரும் தூரத்தில் அமைந்த இடங்கள் நம் நாட்டில் பல இல்லை. இது சிதம்பரத்தின் பேறு. ஆயினும் புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் மூதாட்டி ஒருத்தி அங்கே வருவது பல் ஆடத் தொடங்கிய பின்னரே. அவளுக்கு மாத்திரை கிடைப்பதோ அவள் வீட்டு வாயிலில். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ்க் குருதியழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்துகளைச் சுகாதாரப் பணிப்பெண்கள் இல்லந்தோறும் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். இது போற்றத்தக்க ஏற்பாடு. நாம் அதனைக் குறைகூற வரவில்லை. நம் நாட்டில் குருதியழுத்தத்திற்கு மிகப் பரவலாக வழங்கும் மாத்திரைகளுள் ஒன்று அம்லோடிபின். அது நிபெடிபின் இனத்தது. ஈறு வளரச் செய்தல் அதற்குக் குறைவே. நூற்றுக்கு இருவர் மூவர்க்கே வருமென்பர். ஆயின், உண்போர் தொகை பெரிது. ஓரிலக்கம் பேர் உண்டால் இரண்டு மூவாயிரவர்க்கு ஈறு வளரும் என்பது எளிய கணக்கு. நீரிழிவும் உடன் இருப்பின் கரையும் நோயும் வளரும் நோயும் ஒரே வாயில் குடிபுகும்.

ஆதலின் நாம் வேண்டுவது இது. மாத்திரை கொண்டுபோகும் பணிப்பெண் மூன்று திங்களுக்கு ஒருமுறை, “ஈறு வீங்கியிருக்கிறதா அம்மா, பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?” என்று ஒரு கேள்வி கேட்டு, வாயை ஒருமுறை பார்த்து, ஆம் எனில் அட்டையில் ஒரு குறி இடுக. அக்குறி கண்ட மருத்துவர் பல்வைத்தியரிடம் அனுப்புக. வலிப்பு மருந்து எழுதும் மருத்துவர் முதல் நாளே வாய்த்துப்புரவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுக. பல்வைத்தியரோ ஈற்றைத் தொடுமுன் உண்ணும் மருந்தின் பெயரைக் கேட்டெழுதுக.

இதற்குத் தடை கூறுவோர் உளர். பணிப்பெண்களுக்கு ஏற்கெனவே பாரம் மிகுதி என்பர். உண்மையே, அதனால்தான் ஒரு கேள்விக்கு மேல் நாம் கேட்கவில்லை, ஊதியத்தை உயர்த்திப் பின் வேலையைக் கூட்டுவாராயின் அதற்கும் உடன்படுவோம். மருந்தின் தீமையை வெளியிட்டால் மக்கள் அஞ்சி மருந்தை விட்டுவிடுவர் என்பர் வேறு சிலர். இது மேலோட்டமாகச் சிந்திப்போர் கூற்று. முன்னறிவித்த தீமைக்கு மக்கள் அஞ்சுவதில்லை. அறிவியாது வந்த தீமைக்கே அஞ்சுகின்றனர். முதல் நாளே சொல்லப்பெற்ற நோயாளி ஈறு பருத்தால் மருத்துவரிடம் வருவார். சொல்லப்பெறாதவர் மாத்திரையை எறிந்துவிட்டு மந்திரவாதியிடம் போவார்.

மாணவ அன்பர்காள்! ஜீவ ரசாயனம் பயில்வோர் உங்களுட் பலர் இருப்பீர். கொலாஜன் நாரின் அமைப்பைத் தேர்வில் பிழையின்றி எழுதுவீர். நன்று. ஆயின் விடுமுறையில் ஊர் செல்லும்போது, உங்கள் பாட்டியார் நாள்தோறும் உண்ணும் மாத்திரையின் பெயரைப் படித்துப் பாருங்கள். அவர் வாயையும் ஒருமுறை பாருங்கள். பழைய மாணவராய் இன்று மருத்துவராகவும் மருந்துக்கடைக்காரராகவும் ஆசிரியராகவும் விளங்கும் அன்பர்கள் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் ஒருவரிடமேனும் இச்செய்தியைக் கூறினால் போதும். ஆராய்ச்சிச் சாலையில் அளந்தறிந்த உண்மை மண்வீட்டின் வாயிலுக்குச் செல்ல எத்தனை ஆண்டாகும் என்பது ஆராய்வோர் கையில் மட்டும் இல்லை.

லிண்டு கண்ட கனி கப்பலில் ஏற 48 ஆண்டு சென்றது. பெனிடாயினால் ஈறு வளரும் என்பது எழுதப்பெற்று 80 ஆண்டுக்கு மேலாயிற்று. இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது? கடலூர் மாவட்டத்தார் இதில் முதலடி வைப்பாராயின் மற்றையோர் பின்தொடர்வர். அதற்கு வேண்டுவது புதுக் கட்டிடமும் அன்று, புதுச் சட்டமும் அன்று. நோயாளியின் வாயைப் பார்க்கும் கண்ணும், பார்த்ததை ஒருவர்க்கொருவர் சொல்லும் நாவுமே.